இருபத்தைந்து எழுத்துகளுக்குத் தங்க ஃப்ரேம்

லைசென்ஸ் வந்துவிட்டது என்று மைத்துனன் போனில் சொன்னதும் சேர்மன் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க மாப்ள, ஆளையே காணோம்?"

"ஆள் வராது அத்தான். மெயில்ல வந்திருக்கு. திறந்து பாருங்க."

சேர்மன் என்பது அவருக்கு அவரே வைத்துக்கொண்ட பதவி. நிறுவனம் என்று அவர் சொல்வது இரண்டு அறை கொண்ட ரத்தப் பரிசோதனை நிலையம். முன்னறையில் வரவேற்பு மேசை, அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், ஏழு நாற்காலிகள், சேர்மனின் புகைப்படங்கள். பின்னறையில் பரிசோதனை மெஷின், அதை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர், அவருடைய மனைவி. ஊசி குத்துவது, ட்யூபில் பெயர் ஒட்டுவது, மெஷினை ஓட்டுவது, முடிவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது எல்லாம் மனைவி. மற்றப் பொறுப்புகள் அனைத்தும் சேர்மனுடையவை.

பின்னறைக் கம்ப்யூட்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வேலை மும்முரமாக நடக்கும்போது திடீரென்று 'அப்டேட் ஆகிறது, அணைத்துவிடாதீர்கள்' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். போன மாதம் அப்படி மூடியதில் பன்னிரண்டு பேரை மறுபடி வரவழைத்து மறுபடி குத்த வேண்டியதாயிற்று. பன்னிரண்டு பேரிடமும் மனைவிதான் மன்னிப்புக் கேட்டார். அந்த நேரத்தில் எதிரிலிருக்கும் பெரிய மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாற்பது ட்யூபுகளை அனுப்பிப் பார்ப்பார்கள். ஒரு நர்ஸ் கூடவே வந்து நிற்பார். நல்லபடியாக முடிந்தால் தினமும் இங்கேயே அனுப்புவார்கள். மெஷின் ஒரு தடவை நின்றாலும் ட்யூபுகள் அடுத்த தெரு லேபுக்குப் போய்விடும். மனைவி அந்த வாய்ப்புக்காக மருத்துவமனைப் படியை ஆறு வருஷமாக ஏறி இறங்கியவர்.

அதனால்தான் மைத்துனன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்றைப் பற்றிச் சொன்னான். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளில் அது ஒரு தனி வகை. பாதுகாப்புக்கான திருத்தங்கள் மட்டும் வரும். அதையும் நாம் சொன்ன நேரத்தில்தான் போட்டுக்கொள்ளும்.

"சரி, புதுசா என்ன வரும்?" என்று கேட்டார் சேர்மன்.

"ஒண்ணும் வராது."

"சும்மா சொல்லு மாப்ள."

"இருக்கறதுலயே பாதி போயிடும் அத்தான். வானிலை, செய்தி, சீட்டாட்டம் எதுவும் இருக்காது."

"எத்தனை நாளைக்கு?"

"பத்து வருஷத்துக்கு."

சேர்மன் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். ஆனால் இதைத் தனித்தனியாக விற்கமாட்டார்கள், குறைந்தது ஐந்து கம்ப்யூட்டருக்கு வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. நிலையத்தில் இருந்தவை இரண்டே கம்ப்யூட்டர்கள்தான். "நம்ம நிறுவனத்துக்கு மொத்த உரிமம் எடுக்கறோம்" என்று அன்று மாலைக்குள் பலசரக்குக் கடைக்காரர் வரை சொல்லிவிட்டார்.

அந்த லைசென்ஸ் வந்த மெயிலில் நிலையத்தின் பெயர், அவருடைய பெயர், அதன் கீழே ஐந்தைந்தாக இருபத்தைந்து எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி. முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை. இவ்வளவு பெரிய விஷயம் இப்படி அநாதையாக வந்து கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. தடித்த காகிதத்தில் பெரிதாக அச்செடுத்தார். தங்க நிற ஃப்ரேம் போட்டார். வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டி, பக்கத்தில் நின்று அந்த வரியை விரலால் சுட்டிக்காட்டியபடி படம் எடுத்துக்கொண்டு, பள்ளித் தோழர்கள் குழு, நடைப்பயிற்சிக் குழு, குடியிருப்போர் குழு என்று தான் இருக்கும் எல்லாக் குழுவிலும் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மைத்துனன் வந்தான். மெஷினின் அமைப்புகளைப் பத்திரமாக நகலெடுத்துவிட்டு, பழையதை அழித்துப் புதியதை ஏற்றினான். மூன்று மணிக்குத் திரை துடைத்து வைத்த பலகை போல வந்து நின்றது. தன் போனுக்கு வந்திருந்த நகலைப் பார்த்து இருபத்தைந்து எழுத்துகளையும் அடித்தான். இந்த எண்ணுக்கு அனுமதித்த ஐந்து கம்ப்யூட்டர்களும் முடிந்துவிட்டன என்றது திரை. எண் ஏறாத கம்ப்யூட்டரில் மெஷினின் மென்பொருள் திறக்கவே திறக்காது.

"அக்கா, இதை வேற எதுலயாவது போட்டியா?"

"எனக்கு யாரு அந்த மெயிலைக் காட்டினா? நானே ஃப்ரேம்லதான் பார்த்தேன்."

"எந்த ஃப்ரேம்?"

மைத்துனன் முன்னறைக்கு வந்து பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றார் சேர்மன்.

"அத்தான், இது சான்றிதழ் இல்ல. சாவி. சாவியை வாசல்ல தொங்கவிட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பியிருக்கீங்க."

"நம்ம ஆளுங்க அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க மாப்ள."

மைத்துனன் அவர் போனை வாங்கிப் பார்த்தான். வாழ்த்துகளுக்கு நடுவில் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: 'மிக்க நன்றி தலைவரே. என் மகள் கம்ப்யூட்டரிலும் போட்டாயிற்று. அருமையாக ஓடுகிறது.' அதற்குச் சேர்மனின் பதில்: 'மகிழ்ச்சி. தங்கள் ஆதரவுக்கு நன்றி.'

"இதைப் படிச்சீங்களா?"

"நன்றின்னு போட்டிருந்தாரு. நானும் நன்றின்னு போட்டேன். மரியாதை தெரியாதவனா நான்?"

லைசென்ஸ் விற்ற கம்பெனிக்கு மைத்துனன் போன் செய்தான். எடுத்த பெண் பொறுமையாகப் பேசினார். "பழைய எண்ணை முடக்கிட்டுப் புதுசு தரலாங்க. எப்படி வெளிய போச்சுன்னு பொறுப்பான ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அதைத் தாண்டினா நாளைக்கு மதியம்தான்."

"பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுடலாமா?" என்று மனைவி கேட்டார்.

"போடலாம் அக்கா. நாளைக்கு நர்ஸ் முன்னால அது தூங்காதுன்னு யார் ஜாமீன்?"

எழுதும் பொறுப்பு சேர்மனிடம் வந்தது. எழுத்தில் அவருக்கு நம்பிக்கை உண்டு. 'எமது நிறுவனத்தின் வளர்ச்சியைப் பொறுக்காத அடையாளம் தெரியாத சக்திகள்' என்று தொடங்கி இரண்டு பக்கத்துக்குப் போனது. நாலு மணிக்கு அனுப்பினார்கள். நாலேகாலுக்குப் பதில் வந்தது. கூடவே, குழு குழுவாகச் சுற்றி அவர்களிடமே போய்ச் சேர்ந்திருந்த ஒரு படம். அதில் அடையாளம் தெரியாத சக்தி, தங்க ஃப்ரேமுக்குப் பக்கத்தில் நின்று அந்த வரியைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. 'தயவுசெய்து நடந்ததை எழுதவும்' என்று மட்டும் கேட்டிருந்தார் அந்தப் பெண்.

"வரவேற்புல இருக்கற பொண்ணு தெரியாம மாட்டிடுச்சுன்னு எழுதினா?" என்றார் சேர்மன். வரவேற்புப் பெண் மேசையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மனைவி நோயாளிகளின் நாற்காலி ஒன்றில் வந்து உட்கார்ந்தார். மணி நாலரை.

"மெஷின் பண்ணதுக்கெல்லாம் இதுவரைக்கும் நான் மன்னிப்பு கேட்டேங்க. அது மெஷின். அதால எழுத முடியாது. உங்களால முடியும்."

சேர்மன் புதுத் தாள் எடுத்தார். 'உரிம எண் என்று அறியாமல் நானே ஃப்ரேம் போட்டு மாட்டி, படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.' அறியாமல் என்பதற்குப் பதிலாகப் பணிச்சுமையால் என்று போடலாமா என்று நிமிர்ந்தார். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷத்தில் அவர் ஒரே வரியில் முடித்த கடிதம் அதுதான்.

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது புது எண் வந்தது. மனைவியின் பெயருக்கு. மைத்துனன் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தான். இந்த முறை கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசவில்லை.

மறுநாள் காலை நர்ஸ் நாற்பது ட்யூபுகளோடு வந்தார். மனைவி ஒவ்வொன்றாக எடுத்து, பேரைச் சத்தமாகப் படித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, ஒட்டி, மெஷினில் வைத்தார். இரண்டு ட்யூபில் ஒரே பேர் இருந்தது. நிறுத்தி, மருத்துவமனைக்குப் போன் செய்து, வயதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே போனார். திரையில் எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே இருந்தன. பதினொன்றே காலுக்கு நாற்பதாவது முடிவும் அச்சாகி வந்தது.

வாசலில் சேர்மன் சட்டையை நீவிவிட்டபடி நர்ஸுக்காகக் காத்திருந்தார்.

"எப்படிங்க நம்ம புது சிஸ்டம்? மொத்த உரிமம் எடுத்திருக்கோம்."

"சிஸ்டமா? நான் அதைப் பார்க்கவே இல்லைங்க. அந்தம்மா கையையேதான் பார்த்துட்டிருந்தேன். நாளையிலேர்ந்து தினமும் அறுபது வரும், சொல்லிடுங்க" என்று நர்ஸ் தெருவைக் கடந்து போனார்.

சேர்மன் பின்னறைக்கு வந்தார். மனைவி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"அறுபது" என்றார் சேர்மன். "பேசி முடிச்சுட்டேன்."