அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாத பாக்டீரியா

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கணவாய்க்காரி என்று பெயர். கணவாய் மீனின் வயிற்றில் குடியிருந்து நீல வெளிச்சம் தரும் பாக்டீரியாவைக் குப்பியில் வளர்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் அப்படி நேரம் பார்த்துத் தீனி போட்டதில்லை. அந்த பாக்டீரியாவுக்கு ஒரு குணம்: நல்ல தண்ணீர் ஊற்றினால் மின்னும், நஞ்சு கலந்திருந்தால் அணைந்துவிடும். ஊர்க் குடிநீரை இதை வைத்தே சோதிக்கலாம் என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சி பிழைக்கும். போடாவிட்டால் எல்லாம் குப்பைக்குத்தான்.

கையெழுத்துக்கு முன் செய்துகாட்ட வேண்டுமாம். சிறப்பு விருந்தினர் இயக்குநரின் சம்பந்தி. பாட்டில் தண்ணீர் கம்பெனி முதலாளி.

விளக்கை அணைத்தார்கள். இரண்டு குப்பிகள் நீலமாய் மின்னின. கடலில் வாழ்கிற ஜீவன் என்பதால், ஒன்றில் அவள் சுத்தமான தண்ணீரை உப்புச் சேர்த்து ஊற்றினாள்.

"இன்னொண்ணுல நம்ம தண்ணிய ஊத்துங்கம்மா. அதுங்களும் நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று சம்பந்தி தன் பாட்டிலை நீட்டினார்.

அதிலும் உப்புச் சேர்த்து ஊற்றினாள். முதல் குப்பி மின்னிக்கொண்டே இருந்தது. சம்பந்தியின் குப்பி மங்கி மங்கி அணைந்தே போனது.

"பாக்டீரியாவுக்கு உடம்பு சரியில்ல போல" என்றார் இயக்குநர்.

"அது நல்லாத்தான் சார் இருந்துச்சு. தண்ணிதான்..."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போற பாக்டீரியாவா கிடைக்காதாம்மா? வந்திருக்கிறது யாருன்னு பாக்க வேணாமா?"

சோதனை தோல்வி, கிருமிகளை இன்றே அவித்து அழிக்கவும் என்று உத்தரவாயிற்று. பிறகு விருந்து. மேசையில் ஆளுக்கொரு சம்பந்தி கம்பெனி பாட்டில் வைத்திருந்தார்கள். ஒருவரும் மூடியைத் திருகவில்லை. இயக்குநருக்கு விக்கல் எடுத்தது; நெஞ்சைத் தடவிக்கொண்டாரே தவிர பாட்டிலைத் தொடவில்லை. சம்பந்தியே டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

குப்பிகளைக் கொதிகலனில் வைத்து மூடும்போது கணவாய்க்காரி அழுதுவிட்டாள்.

சாயங்காலம் இயக்குநர் பூனை மாதிரி உள்ளே வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

"வீட்டுல பேத்தி இதத்தாம்மா குடிக்குது. சம்பந்தி அனுப்புறார், வேணாங்கவும் முடியல. யாருக்கும் தெரியாம ஒரு தடவ பாத்துச் சொல்லேன்."

சூடு ஆறாத குப்பிகளை அவள் காட்டினாள். "அவிச்சாச்சு சார். நீங்க சொன்னபடியே."

"ஐயையோ! இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"பேத்திக்குக் குடுக்காதீங்க. நீங்க குடிச்சுப் பாருங்க சார்" என்றாள். "நீங்கதான் எதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறவராச்சே."