காதுக்குக் கீழே

மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னாள் டாக்டர். வீணாவுக்கு இரண்டு விரலே முழுசாகப் போகவில்லை. இடது காதுக்குக் கீழே 'டக்'கென்று ஒரு சத்தம். நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த அவள் அப்பா எத்திராஜுக்கே அது கேட்டது. டாக்டர் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, கன்னட வாடை அடிக்கும் தமிழில் கேட்டாள்.

"முன்ன எப்பவாவது இங்க அடி பட்டிருக்கா? கீழ விழுந்தது, வண்டி இடிச்சது, ஏதாவது?"

"இல்ல மேடம்."

"யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். இல்ல."

எத்திராஜ் சுவரில் ஒட்டியிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடி பட்டிருக்கிறது. அடித்தது அவர் கை. அந்த அறையில் இரண்டு பேருக்கு அது தெரியும். கேட்டவளுக்குத்தான் தெரியாது.

எட்டு வருஷம் ஆகப்போகிறது. தொண்ணூற்றொன்று டிசம்பர், காவேரித் தண்ணீருக்காக ஊரில் கலாட்டா நடந்த சமயம். அப்போது அவர்கள் குடியிருந்த தெருவில் மொத்தமே மூன்று தமிழ் வீடு. மத்தியானம் கூட்டம் தெருவுக்குள் வந்தது. எத்திராஜ் கதவைச் சாத்தி, இரும்புப் பெட்டியை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு, மகளோடு சமையல்கட்டு மூலையில் குந்தினார். பொண்டாட்டி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பக்கத்துத் தமிழ் வீட்டில் இஸ்திரி போடும் சந்திரம்மா இருந்தாள். அவள் கதவைத்தான் முதலில் உடைத்தார்கள். அவள் நடுச்சுவரைத் தட்டித் தட்டி, வீணா, வீணா என்று கூப்பிட்டாள். "தோ வரேங்க்கா" என்று சொல்ல வீணா வாயைத் திறந்தாள். முதல் எழுத்து வெளியே வந்ததோ இல்லையோ, எத்திராஜ் குத்தினார். அறையவில்லை, குத்தினார். முப்பது வருஷம் மர டிப்போவில் தேக்குக் கட்டை தூக்கிய கை அது. உள்ளே ஏதோ இடம் மாறியது கைக்கே தெரிந்தது. அப்புறம் கூட்டம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் அந்த வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தொடவில்லை. ஊரடங்கு போட்டிருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மஞ்சள் பற்றுப் போட்டார், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். வீக்கம் வடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தமிழ்க்காரர்கள் நிறைய இருக்கிற நீலசந்திராவுக்கு வந்துவிட்டார்கள். சந்திரம்மா என்ன ஆனாள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. வீணா கேட்டாளா என்றும் தெரியாது. அந்த மத்தியானத்தைப் பற்றி அப்பனும் மகளும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது இந்த டாக்டரிடம் போய் அதைச் சொல்வதா? இவள் யாரோ. அன்றைக்கு இவள் அண்ணன் தம்பி எங்கே நின்றான், கையில் என்ன வைத்திருந்தான், யாருக்குத் தெரியும்? சொன்னால் எழுதுவாள். எழுதின காகிதம் எந்த மேசைக்குப் போகும், எந்த போலீஸ்காரன் படிப்பான்? காகிதத்தில் பேர் ஏறி உருப்பட்டவன் எவனையும் எத்திராஜ் பார்த்ததில்லை.

பல் வரிசை கோணலாக இருப்பதால்தான் தாடைக்குப் பாரம் என்று டாக்டர் முடிவு கட்டினாள். மேலே இரண்டு பல் எடுக்க வேண்டும், கம்பி போட வேண்டும், இரண்டு வருஷம் ஆகும். எடுத்த இரண்டும் சொத்தை விழாத பல். துணியில் சுற்றிக் கொடுத்ததை வீணா வெளியே வந்ததும் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

வீணாவுக்கு அப்போது முப்பது வயது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைகளைப் புரட்டிப் பார்த்துத் தையல் பிசகு கண்டுபிடிக்கிற வேலை. கம்பி போட்டுக்கொண்டு வந்த மறுநாளே தண்ணீர்க் குழாயடியில் எதிர்வீட்டு மௌரீன் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா எத்திராஜண்ணே, பொண்ணு வாய்க்கு இரும்பு கேட்டு போட்டுட்டே? எவனாவது உள்ள பூந்துடுவான்னு பயமா?"

"உன் வாய்க்குத்தான் முதல்ல போடணும்."

"போடு. ஆனா எனக்கு பூட்டு வேணாம், தாப்பா போதும்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீணா சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதை நிறுத்தி நாளாகிறது. சோற்றை ரசத்தில் பிசைந்து, இன்னும் பிசைந்து, கூழாக்கி விழுங்குவாள். மாசத்துக்கு ஒரு தடவை கம்பியை முறுக்கிவிட்டு வருகிறபோதெல்லாம் மூன்று நாள் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வலி குறையவில்லை. ஆறாவது மாசம் கம்பெனி கேன்டீனில் கொட்டாவி விட்டபோது வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. கூட இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். எச்சில் வழிய அவள் கண்கள் மிரளுவதைப் பார்த்துத்தான் ஆட்டோ பிடித்தார்கள்.

மறுநாள் எத்திராஜும் கூடப் போனார். டாக்டர் குழம்பிப்போயிருந்தாள். "கம்பி சரியாத்தான் வேலை செய்யுது. வலி ஏன் ஏறுதுன்னு புரியல. கீழயும் ரெண்டு பல் எடுத்துப் பார்க்கலாம். முதல்ல எடுத்த படத்துல ஒண்ணும் தெரியல, எதுக்கும் காதுக்கிட்ட மட்டும் தனியா ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதினாள். வீணா சீட்டை வாங்கிக்கொண்டு கீழ்மாடிக்குப் போனாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எத்திராஜுக்கு இன்னும் இரண்டு பல் என்பதுதான் மண்டைக்குள் சுற்றியது. தப்பு ஓரிடத்தில் இருக்க, வேறு இடத்தில் பிடுங்கிக்கொண்டே போகிறாள் இவள். இவள் மேல் குற்றமில்லை. எழுந்து உள்ளே போனார்.

"டாக்டரம்மா, பல்லப் புடுங்காதீங்க."

"பயப்படாதீங்க. ஊசி போட்டுத்தான் எடுப்போம்."

"அதுக்கு சொல்லல. அங்க அடி பட்டுக்குது. நான்தான் குத்தினேன்."

பேனா நின்றது. "எப்போ?"

"தொண்ணூத்தியொண்ணு. டிசம்பர்." சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தார். "வெளிய ஆளுங்க நின்னாங்க. இது சத்தம் போட வாயத் தொறந்துச்சு. அடக்க வேற வழி தெரியல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "நான் அப்போ பி.யு.சி. படிச்சிட்டிருந்தேன். காலேஜ் லீவு விட்டாங்கன்னு நாங்கல்லாம் சந்தோஷப்பட்டோம்."

டாக்டர் வீணாவின் அட்டையை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"முதல் நாளே கேட்டேனே. அன்னிக்கே சொல்லியிருந்தா அந்த ரெண்டு பல்ல எடுத்திருக்கவே மாட்டேன். கம்பியும் போட்டிருக்க மாட்டேன். ஏன் சொல்லல?"

"உங்கள நம்பல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. அதற்குள் வீணா வந்துவிட்டாள். காயாத எக்ஸ்ரேயைக் கிளிப்போடு தூக்கிப் பிடித்திருந்தாள். அப்பா உள்ளே நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"வீணா, அப்பா எல்லாம் சொன்னாரு. தொண்ணூத்தியொண்ணுல இங்க அடிபட்டதா?"

"அவரு எதையாவது சொல்வாரு மேடம். வயசாயிடுச்சு. எங்கூட்ல யாரும் யாரையும் அடிச்சதில்ல."

"வீணா" என்றார் எத்திராஜ்.

"நீ சும்னே இருப்பா." கம்பிக்குள்ளிருந்து வார்த்தைகள் நசுங்கி வந்தன. "எங்களுக்கு அன்னிக்கு ஒண்ணும் ஆகல மேடம். நாங்க கதவச் சாத்திட்டு தூங்கினு இருந்தோம். யாரும் எங்களக் கூப்புடல."

"யாரு கூப்பிட்டாங்கன்னு நான் கேட்கலையே" என்றாள் டாக்டர்.

எத்திராஜ் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் எழுந்து போய் அவள் கையிலிருந்த படத்தை வாங்கினாள். ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். படத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி அவள் கோட்டுக் கையை நனைத்தது. கறுப்புக்குள் வெள்ளையாக என்னவோ வளைந்து கிடந்தது. அதில் எது எலும்பு, எது ஒன்றுமில்லாத இடம் என்று எத்திராஜுக்கு விளங்கவில்லை. டாக்டர் படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.