பூட்டி வைத்த கம்பளிகள்

“ஸ்டோர் சாவியக் குடுங்க, ஐயா.”

கேட்டே விட்டாள். பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்த டிரசர் ராதாகிருஷ்ணன் கையை அப்படியே நிறுத்தினார். டாக்டர் இல்லாத அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவர்தான் பொறுப்பு; எதிரே நின்றவள் அங்கே ஆயாவாக இருக்கும் ருக்குமணி. ஏழு வருஷத்துக்கு முன்பு, எழுபத்தொன்றில், அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே பழைய ஆயா மணியம்மா சொல்லி வைத்திருந்தாள்: “எத வேணும்னாலும் கேளு. அந்தச் சாவிய மட்டும் வாயத் தொறந்து கேட்டுறாத.”

“எதுக்கு?”

“பிள்ள பெத்த ஜெயாவுக்கும் அந்தப் பிள்ளைக்கும் கம்பளி வேணும். எட்டாம் மாசத்துல பொறந்த பிள்ள, ஐயா. காலு ரெண்டும் சில்லுன்னு கெடக்கு. பால் குடிக்கவும் தெம்பில்ல.”

“வீட்லேருந்து கொண்டாரச் சொல்லு.”

“இருந்தது ஒண்ணு. அதுவும் நனைஞ்சிருச்சு. மூணு நாளா மழை, எங்க காயப்போடுறது?”

“வியாழக்கிழம இன்ஸ்பெக்‌ஷன் இருக்குலா. இப்ப எடுத்து மூத்திரத்துல ஊற வச்சா அன்னிக்கு எத விரிப்ப? உன் சேலையவா?”

ஸ்டோரில் இருபது கம்பளிகள் இருந்தன. ஒரு ஹீட்டரும் இருந்தது. எல்லாம் நோயாளிகளுக்கென்று கம்பெனி வாங்கிக் கொடுத்தவை. ஆனால் பார்வையிட ஆள் வரும் நாளில் மட்டுமே அவை வெளிச்சத்தைப் பார்க்கும். அன்றைக்குப் பத்துக் கட்டிலும் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். வந்தவர் திருப்தியாக எழுதிக்கொண்டு போவார். அவர் கார் வளைவைத் தாண்டியதும் கம்பளிகள் பூச்சி உருண்டையோடு உள்ளே போய்விடும்.

அவற்றை மடித்து வைத்தவள் ருக்குமணிதான், ஏழு வருஷமாக. காய்ச்சலில் பல் கிட்டிப்போய்க் கிடந்தவர்களிடம், “சாக்கு இருந்தா கொண்டாந்து போத்திக்குங்க” என்று சொன்னதும் அவள் வாய்தான். டிரசரை மட்டும் திட்டிவிட்டு இவளைத் தப்பவிட முடியாது.

தப்பத்தான் அவளுக்கும் வழி இல்லை. செடிக்கு மருந்தடித்து நெஞ்சு கெட்டுப்போன புருஷன் நாகப்பனைத் தோட்டம் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. தோட்டம் கொடுத்த லைன் வீடு இவள் பேரில் நிற்கிறது. வேலை போனால் சட்டி பானையெல்லாம் ரோட்டில். இதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தினமும் அதை நினைத்துக்கொண்டேதான் கம்பளி மடித்தாள்.

“அப்ப கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டாவது எழுதிக் குடுங்க.”

“எழுதுனா, ‘உன் ஆஸ்பத்திரில என்ன இல்ல?’ன்னு தோட்டத்துத் துரை கேப்பாரு. நான் என்ன சொல்லுறது?”

“எல்லாம் இருக்கு, பூட்டி இருக்குன்னு சொல்லுங்க.”

டிரசர் முகம் சிவந்தது. “வாய் நீளுது உனக்கு. நாளைக்கு வீட்டக் காலி பண்ணச் சொன்னா நாகப்பன எங்க படுக்க வைப்ப? தேயிலைச் செடிக்கு அடியிலயா?”

நேற்று வரை இந்த ஒரு கேள்விக்கே அவள் தலை தானாகக் குனிந்திருக்கும். இன்றைக்குக் குனியவில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தது.

“யார்ரா அது, ஆஸ்பத்திரி வாசல்ல?”

“நம்ம காளியண்ணன்தான். கோஸ் ஏத்திக்கிட்டு கீழ தாப்பா டவுனுக்குப் போறாரு. போற வழியில தானா ராத்தா கவர்மெண்டு ஆஸ்பத்திரில எங்கள எறக்கி விடுவாரு. ஜெயா முன்னாடி சீட்டுல உக்காந்திருக்கா. பிள்ளைய அவ நெஞ்சோட வச்சு என் ஸ்வெட்டரச் சுத்திக் கட்டிட்டேன்.”

“சீட்டு இல்லாமயா? யாரக் கேட்டு?” நாற்காலி பின்னால் சரிய எழுந்தார். “போனா உன் வேல போச்சு, தெரியுமில்ல?”

“தெரியும். லாரிய நிக்கச் சொல்லிட்டுத்தான் சாவி கேக்க வந்தேன். நீங்க குடுத்திருந்தா அவள எறக்கிக் கூட்டியாந்திருப்பேன்.”

ஏப்ரன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

“வர்றவன் பாக்குறதுக்கு அடுக்கி வச்சா அது துணிக்கடைங்க ஐயா. படுத்திருக்கிறவனுக்கு எடுத்துப் போத்துனாத்தான் ஆஸ்பத்திரி. திரும்பி வர்றப்ப லேபர் ஆபீஸ்லயும் இதச் சொல்லிட்டுத்தான் வருவேன். ஏழு வருசமா மடிச்சது நான்தான்னும் சொல்லுவேன்.”

வெள்ளை ஏப்ரனைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டாள். அதை மடிக்கவில்லை. மழையில் இறங்கி லாரியை நோக்கி நடந்தாள்.