ஓடைவாய்ப் பாடு

ஓரகத்தி இளவரசி செய்த ஒரே குற்றம், நன்றாக இருந்ததுதான். காந்தாவால் அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

தோணிரேவு கிராமத்தில், ஏரியில் வலை கட்டும் இடத்தைப் பாடு என்பார்கள். எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். ஒரு வருஷ முறை முடிந்ததும் அந்தப் பாடு வரிசைப்படி அடுத்த வீட்டுக்குப் போகும். இந்தத் தடவை, ஓடை ஏரியில் கலக்கும், எல்லோரும் எச்சில் விழுங்கும் ஓடைவாய், இளவரசியின் புருஷன் நீலமேகத்துக்கு விழுந்தது. அவன் அண்ணன் கேசவனுக்கு, அதாவது காந்தாவின் வீட்டுக்காரனுக்கு, பாசி மண்டிய கல்மேடு. வரிசையில் அடுத்து ஓடைவாய் கேசவனுக்குத்தான் வரும். ஆனால் பொறாமைக்கு அடுத்த வருஷம் கண்ணுக்குத் தெரியாது. இன்றைக்குப் பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுதான் தெரியும்.

தினமும் காலையில் இளவரசி ஒரு குண்டான் இறாலோடு வந்துவிடுவாள். "அக்கா, மாமாவுக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன்."

அந்தச் சிரிப்புதான் காந்தாவுக்கு ஆகாது. இறாலைத் தொக்கு வைத்து வழித்துத் தின்றுவிட்டு, "இன்னாத்த இறாலு, ஒரே சேத்து வாடை" என்பாள். கேசவன் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டே தலையாட்டுவான்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்து ஆளாக சோபியா வந்தாள். ஏரிக்கரையில் கான்கிரீட் படகுத்துறை கட்டப் போகிறார்களாம். மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறார்களாம். ஓடைவாயும் அதில் ஒன்று.

"முன்னாடியெல்லாம் சிமென்ட், ஜல்லி செலவ மட்டும் பார்த்து இடத்த முடிவு பண்ணிடுவோம். இந்தத் தடவை அந்த இடம் உங்களுக்கு என்ன குடுக்குதுன்னும் பார்க்கணும். மீன் மட்டுமில்ல. குஞ்சு வளருதா, புயல தடுக்குதா, எல்லாத்துக்கும் மதிப்புப் போடணும்" என்றாள் அவள், வலை பின்னிக்கொண்டிருந்த பெண்களிடம்.

மதிப்புப் போட்டால் பின்னாலேயே நிவாரணம் வரும். அதுதான் காந்தா கண்ட அரசாங்கம். ஓடைவாய்க்கு மதிப்பு ஏறினால் பணம் யாருக்கு? இப்போது அங்கே வலை கட்டுகிற வீட்டுக்கு. ஏற்கெனவே அந்த வீட்டில் வாஷிங் மெஷின் வந்து இறங்கியிருந்தது.

ஒரு வீட்டுக்கு விழுந்த பாட்டைப் பற்றி அந்த வீட்டார்தான் பேச வேண்டும், பிறர் வாய் வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். இளவரசி பழவேற்காட்டுக்கு மீன் விற்கப் போயிருந்தாள். மூத்தவள் என்ற உரிமையில் காந்தா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஓடைவாயா? அங்க இன்னாம்மா கீது? வெறும் சேறு."

"இறால் குஞ்சு?"

"கண்ல பார்த்ததே இல்ல."

"தண்ணியில நிக்குதே, அந்தக் கண்டல் புதர்?"

"விறகுக்குக்கூட ஆவாது."

"நாரையெல்லாம் அங்கதானே கூட்டமா நிக்குது?"

"போக்கிடம் இல்லாம நிக்குது."

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறர் வீட்டுப் பாடாயிற்றே என்று மறுபடி வலையில் குனிந்தார்கள். அன்றைக்குக் காந்தாவுக்கு வெறும் ரசமும் சோறும் அப்படி ருசித்தது.

மழைக்காலம் முடிந்ததும் சோபியா மறுபடி வந்தாள். கோயில் வாசலில் கூட்டம் கூடியது. மூன்று இடங்களில் மதிப்புக் குறைந்தது ஓடைவாய்தான். கண்டல் புதரை வெட்டி, சேற்றை அள்ளி, துறையை அங்கேயே கட்டிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்றாள்.

"நிவாரணம் எவ்ளோம்மா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பணம் குடுக்கிறதுக்காகப் போட்ட மதிப்பு இல்லீங்க இது. எந்த இடத்த விட்டு வைக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான்."

தான் சொன்ன பொய்தான் ஓடைவாயை விழுங்கப் போகிறது என்று காந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் நின்ற இளவரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போச்சே அக்கா! என் முறை தையோட முடியுது. அப்பால மாமாவுக்குத்தானே வருது. புதர் ஓரமா வலையே கட்டாதேன்னு இவர்கிட்ட சொல்லி வச்சிருந்தேன். குஞ்சு பெருகட்டும், அக்கா வூட்டு முறை வரும்போது நிறைய படட்டும்னு."

காந்தாவுக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, பொறாமைதான். நல்லவளாக இருப்பதிலும் இவள் முந்திக்கொண்டாளே! வெட்கம் அதற்குப் பிறகு, மெதுவாகத்தான் வந்தது.

சோபியா எழுந்திருக்கப் போனாள். காந்தா கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ம்மா."

"ஏன் பொய் சொன்னீங்க?"

ஊரே பார்த்தது. கேசவன் பார்த்தான். உதறப்பட்ட கையோடு இளவரசியும் பார்த்தாள்.

"வயித்தெரிச்சல். இவ நல்லா இருக்கிறது எனக்குப் பொறுக்கல. வேற இன்னா?"

சோபியா மறுபடி உட்கார்ந்தாள். "சரி, இப்ப சொல்லுங்க. அங்க என்ன இருக்கு?"

காந்தா இளவரசியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். ஏரி முழுக்கப் போகிற இறால் குஞ்சு அங்கேதான் தேறுகிறது என்றாள். பச்சை நண்டு, மடவை மீன் இரண்டும் அங்கேதான் பருமனாகக் கிடைக்கும் என்றாள். போன புயலில் அலை அந்தப் புதரில் மோதி அடங்கியதால்தான் தன் கூரை நின்றது என்றாள். அந்த இறாலைப் போல ருசி ஏரியில் வேறெங்கும் கிடையாது என்றும் சொன்னாள்.

ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் அவள் ஒன்றையும் விடவில்லை.