மொட்டைத் தென்னையில் குடியிருந்தவை

இடி விழுந்து குருத்து கருகிப்போன தென்னையைச் சோலைமலை வெட்டாமல் விட்டது மரத்தின் மேல் பாசம் வைத்து அல்ல. அதே வருடம்தான் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்தாள்; எந்த வேலையும் ஓடவில்லை. ஆத்தூரில் தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு. வாசலுக்கு நேர் எதிரே அந்த மொட்டை மரம்.

அடுத்த வருடம் மரங்கொத்தி வந்து பொந்து குடைந்தது. அது காலி செய்ததும் பச்சைக்கிளி ஜோடி ஒன்று குடியேறியது. கீழ்ப் பொந்தில் ஆந்தை. உயிரோடு இருந்தவரை காய் மட்டும் கொடுத்த மரம், செத்த பிறகு வீட்டுக்குக் கூட்டம் சேர்த்தது. "இம்புட்டு நேரம் எங்க சுத்திட்டு வாரீக?" என்று சாயங்காலம் கிளிகளை அதட்டுவார். நாள் முழுக்க அவர் வாய் திறப்பது அப்போது மட்டும்தான்.

சின்னாளப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் மலர்விழிக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர ஆசை ஆசையாகப் போனார். சம்பந்தியம்மா பேச்சாயி தனியாகக் கூப்பிட்டு ஒரே போடாகப் போட்டாள்.

"வாசலுக்கு எதுக்க பட்ட மரம் நிக்கிது, அதுல ஆந்த வேற. அந்த வீட்டுக்கு வாயும் வயிறுமா இருக்கவள எப்படிண்ணே அனுப்புறது?"

மறுநாளே மரம் வெட்டும் பிராங்க்ளினை வரச் சொன்னார். அவன் அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, கிளி அடையில இருக்கு போல. கொஞ்ச நாள் பொறுக்கலாமே?"

"பிள்ள பிறந்தப்புறம் வெட்டி என்னத்துக்கு? போடுப்பா."

மரம் விழுந்தது. பொந்து பிளந்து, வெள்ளை முட்டைகள் மண்ணில் உடைந்து கிடந்தன. சோலைமலை அந்தப் பக்கம் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு சின்னாளப்பட்டிக்குப் பஸ் ஏறினார்.

மலர்விழி மாதாமாதம் காட்டிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பேச்சாயி மோர் கொடுத்தாள்.

"வெட்டிட்டீகளா? நல்லதாப் போச்சு. ஆனா பொம்பள இல்லாத வீட்டுல யாருண்ணே பேறுகாலம் பாக்குறது? இங்கயே பாத்துக்கிறோம்."

முதலிலிருந்தே அவள் மனதில் இருந்தது இதுதான். முகத்துக்கு நேரே சொல்லக் கூசி, பழியை மரத்தின் மேல் போட்டிருக்கிறாள். அவள் சொன்னதிலும் தப்பில்லையே என்பதுதான் அவரை அறுத்தது.

திரும்பி வந்தபோது கிளிகள் இரண்டும் வாசலுக்கு எதிரே வெறும் ஆகாயத்தில் கத்திக் கத்திச் சுற்றிக்கொண்டிருந்தன. பொந்து இருந்த உயரத்துக்கு வருவதும் விலகுவதுமாக இருந்தன. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாளில் அவையும் போய்விட்டன.

அந்த வாரக் கடைசியில், ரோட்டோரம் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஆனந்தமேரியின் கடைக்குப் போன் வந்திருப்பதாக ஆள் வந்தது. ஓடிப்போய் எடுத்தார். மலர்விழி.

"அப்பா, பேறுகாலத்துக்கு அத்த விடமாட்டேங்குறாக. ஆனா ஞாயித்துக்கெழம ஒரு பகல் மட்டும் வந்துட்டுப் போறேன்னு கெஞ்சிக் கேட்டிருக்கேன். நம்ம கிளி அடையில இருக்குன்னு வளைகாப்பன்னிக்குச் சொன்னீகளே, குஞ்சு பொரிச்சிருச்சாப்பா? அதப் பாக்கணும்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

மரத்தை வெட்டியதைப் பேச்சாயி அவளிடம் சொல்லவில்லை என்று சோலைமலைக்குப் புரிந்தது. இல்லை என்று சொன்னால் வராமல் இருந்துவிடுவாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

"பொரிச்சிருச்சு தாயி," என்றார். "வா. நீ வா."