முன்வரிசை, மெத்தைக் கம்பெனி உபயம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாடகம் பார்க்கத்தான் போனேன். டிக்கெட் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. கவுண்டர் பக்கமே நின்று, உள்ளே எழுந்த சிரிப்பொலியை ஓசியில் கேட்டுவிட்டு வீடு திரும்பினேன். அந்த வயிற்றெரிச்சலில் பிறந்தது இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: 'கலை எல்லோருக்கும் பொதுவானது என்று...' அடித்துவிட்டேன், மேடைப்பேச்சு வாடை.

இரண்டாவது: 'டிக்கெட் கொடுக்கும் அண்ணி எரிச்சலில் இருந்தாள்.' இது தேறும். மேடையில் ராணியாக நடிப்பவளுக்கு அவள் அண்ணி. நாத்தனார் நாடகத்துக்கு ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள், தனக்கென்று ஒன்று வாங்கக் கட்டுப்படியாகாமல் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. இன்று கடைசி ஆட்டம்.

முன்வரிசை முழுக்க மெத்தைக் கம்பெனிக்கு. விளம்பரப் பணம் தருகிறவர்கள், ஆனால் வருவதேயில்லை. [எனக்கு நானே குறிப்பு: கம்பெனியை மோசடிக்காரர்களாக்கக் கூடாது; மெத்தை உண்மையிலேயே நல்ல மெத்தையாக இருக்க வேண்டும்.]

3

நாடகக் குழு மேனேஜர் ஓடி வருகிறார். (இவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். அரங்க வாடகையே அந்த மெத்தைப் பணத்தில்தான் என்று தெரிந்ததும் முறுக்கு மீசையை எடுத்துவிட்டேன்.)

"கம்பெனி போட்டோகிராபர் வந்துட்டாரும்மா! முன்வரிசை காலியா கெடந்தா அடுத்த வருஷம் காசு வராது. யாரையாவது புடிச்சு உட்கார வை!"

"யாரை வேணும்னாலுமா சார்?"

"ஆள் இருந்தா போதும்!"

அண்ணி கவுண்டரைச் சாத்தினாள். விலை கேட்டுத் திரும்பிப் போனவர்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டாள். நட்டநடுவில் தானும் உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; அவள் புடவையை உதறிவிட்டு உட்கார்ந்ததை மட்டும் ஒரு பக்கம் எழுதி, பிறகு வெட்டினேன்.

4

ராணி வந்தாள். வீட்டில் குக்கர் விசிலைக்கூட எண்ணத் தெரியாதவள், இங்கே ஒரு நாட்டையே அதட்டிக்கொண்டிருந்தாள். அண்ணிக்குப் பெருமையில் கண் கலங்கியது.

அப்போதுதான் கம்பெனி முதலாளி வந்து நின்றார், முதல்முறையாக, குடும்பத்தோடு.

"இது எங்க சீட்டும்மா," என்றார், மரியாதையாகத்தான்.

"கொஞ்சம் இருங்க சார், எங்க நாத்தனா பேசிட்டிருக்கா."

5

முடிவு அ: முதலாளி மனம் நெகிழ்ந்து தரையில்... நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு ஆ: அண்ணி தலைகுனிந்து எழுந்து... எனக்குக் கை வரவில்லை.

முடிவு இ: சலசலப்பு கேட்டு ராணி வசனத்தை நிறுத்துகிறாள். மேடை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கிறாள்.

"அண்ணி, நீங்க உட்காருங்க. எழுந்திருக்கிறதா வேண்டாமான்னு மத்தவங்க முடிவு பண்ணட்டும்."

மற்றவர்கள் என்றால், ஓசியில் உள்ளே வந்து இவ்வளவு நேரமாக அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.