மைக்கில் கேட்ட கேள்வி

அந்த விண்வெளி சீரியலில் ரெஜிஷாவுக்குப் பிடித்தது சண்டையோ வேற்றுக்கிரகமோ ஒன்றுமில்லை. கப்பலின் கேப்டன் முன்னால் என்ஜினியர் விறைத்து நிற்பாள். கேட்டால் மட்டும்தான் வாய் திறப்பாள். டூட்டி முடிந்ததும் அதே கேப்டன், என்ஜினியரின் அறைக் கதவைத் தட்டி, "உள்ளே வர அனுமதி உண்டா?" என்று கேட்டுவிட்டு வெளியே நிற்பாள். அந்த இடம் வந்தால் ரெஜிஷா அழுதுவிடுவாள். இதுக்கெல்லாமா அழுவாங்க என்று கேட்டால், அழுவாங்க, அதுக்கு இப்போ என்ன?

போலீஸ் டிரெயினிங்கில் அவளும் அஸ்வதியும் ஒரே போர்வைக்குள், ஒரே போனில், தமிழ் டப்பிங்கில் பார்க்கத் தொடங்கிய சீரியல் அது. போலீஸ் நம்பர்கூட இருவருக்கும் அடுத்தடுத்த நம்பர். கடைசி எபிசோடு எப்போது வந்தாலும் சேர்ந்துதான் பார்க்கணும் என்று பேச்சு. பிறகு அஸ்வதி விழுந்து விழுந்து படித்து எஸ்.ஐ. ஆனாள். வேறெங்கும் இடமே இல்லாத மாதிரி ரெஜிஷாவின் ஸ்டேஷனுக்கே வந்து சேர்ந்தாள். முதல் நாள் ரெஜிஷா சல்யூட் அடித்தாள், சந்தோஷமாகவே அடித்தாள். ஸ்டேஷனில் மேடம், வெளியே பழையபடி உரிமையோடு 'ஏட்டி'. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சுசீந்திரம் தேரோட்டத்தன்று கெட்டது எல்லாம். வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலிருந்து தேருக்கு முன்னால் தொண்டை கிழியக் கூட்டத்தை விலக்கிய அஸ்வதி பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை. தெரு முனையில் நின்ற ரெஜிஷாவுக்கு மனசு கேட்கவில்லை. வாக்கிடாக்கியை எடுத்து, பழக்கதோஷத்தில், "ஏட்டி அஸ்வதி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டாள்.

பந்தோபஸ்துக்கு வந்த அத்தனை போலீசின் மைக்கிலும் அது கேட்டது. டி.எஸ்.பி. அய்யாவின் மைக்கிலும்தான். அப்புறம் அஸ்வதியின் குரல்.

"பேசுறது யாரு? நம்பரைச் சொல்லு."

ரெஜிஷா நம்பரைச் சொன்னாள். "சாரி மேடம்" என்றும் சொன்னாள். தப்பு தன்னுடையதுதான். டி.எஸ்.பி. கேட்டுக்கொண்டிருக்கையில் அஸ்வதி வேறென்ன சொல்வாள், பாவம்? அதுவும் தெரியும். ஆனாலும் ரெஜிஷா என்று ஒருத்தியைத் தெரியவே தெரியாத குரலாக அது இருந்ததே, அதுதான் வலித்தது.

அதற்குப் பிறகு ஸ்டேஷனிலும் மேடம், வெளியேயும் மேடம். அஸ்வதி ஏதோ சொல்ல வாயெடுத்த போதெல்லாம் ரெஜிஷா விறைத்து நின்று "எஸ் மேடம்" என்றாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சனிக்கிழமை கடைசி எபிசோடு வந்தது. கருங்கல் ஊரிலுள்ள தன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி வைத்து, சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தாள். அஸ்வதியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மேலதிகாரிக்கு உத்தரவு போடுவது மாதிரி ஆகிவிடுமாம். இப்படி ஒரு வீம்பு. ஆனால் தனியாகப் பார்த்துவிட்டால் அப்புறம் சேர்ந்து பார்க்க ஒன்றுமே மிச்சமிருக்காது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், அழுத்த விரல் வரவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

சுடிதாரில், கையில் ஹெல்மெட்டோடு, வாசலில் அட்டென்ஷனில் நின்றாள் அஸ்வதி. கதவைத் திறந்த பிறகும் படியைத் தாண்டிக் கால் வைக்கவில்லை.

"உள்ளே வர அனுமதி உண்டா?"

ரெஜிஷா வழிவிடவில்லை. "பேசுறது யாரு? நம்பரைச் சொல்லு."

அஸ்வதி சொன்னாள். எஸ்.ஐ. ஆனதும் விட்டுப்போன பழைய நம்பர், ரெஜிஷாவின் நம்பருக்கு அடுத்தது.

ரெஜிஷா விலகி நின்றாள். "ஏட்டி, சாப்பிட்டியா?"

"இல்லட்டி," என்றாள் அஸ்வதி. "ஓவர்."